கேட்டவனுக்குத்தான் தீட்டு

லிங்கேஸ்வரன் பந்தக்காலைப் பிடிக்கக் கை நீட்டிய நேரத்தில் போன் அதிர்ந்தது. பிடித்துவிட்டுப் பிறகு பார்த்திருக்கலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இத்தனை வருசமாக இ-சேவைக் கடை வைத்திருக்கிறவனுக்கு, ஓடிபி வந்து பார்க்காமல் விட்டால் செத்துப்போகும் என்ற பயம் உடம்போடு ஒட்டிக்கொண்ட வியாதி. மஞ்சள் பூசிய கையாலேயே வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்துத் தொலைத்தான்.

ஓடிபி இல்லை. ரீயூனியன் தீவிலிருந்து சில்வி அனுப்பியிருந்தாள். பிரெஞ்சில் எழுதி, போனே தமிழாக்கிக் கொடுத்திருந்தது. "என் தந்தை கடந்த வாரம் இறந்துவிட்டார். பயணச்சீட்டை நான் ரத்து செய்யவில்லை. அவருடைய சாம்பலுடன் வருகிறேன். தன் சொந்தக்காரர்கள் கையால் கரைக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்."

"மச்சான், காலப் புடிங்க. நல்ல நேரம் போவுது" என்றான் பாண்டி, பெண்டாட்டியின் தம்பி.

லிங்கேஸ்வரன் பிடித்தான். குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், கால் நின்றது. அவனுக்குத்தான் கால் நிற்கவில்லை.

"யாருங்க போன்ல?" என்றாள் பெண்டாட்டி செல்வலட்சுமி.

"கடையில இருந்து. சர்வர் படுத்துருச்சாம்."

அவள் நம்பினாள். அந்த சர்வர் வாரத்தில் பாதி நாள் படுத்துத்தான் கிடக்கும்.

செத்துப்போனவர் பெயர் ரெனே. இந்த வீட்டில் ரெனே அண்ணன். பந்தக்கால் ஊன்றிய பிறகு பங்காளி சாவுச் செய்தி வந்தால் கல்யாணத்தைத் தொடாது, காலுக்கு அந்த மரியாதை உண்டு. ஊன்றும் முன்னால் வந்தால் பதினாறு முடிகிறவரை அந்த வம்சத்தில் ஒரு நல்ல காரியமும் கூடாது. மகள் அனுசியாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். அன்று திங்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரெனே அண்ணன் உண்மையில் பங்காளிதானா என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படித் தெரியாது என்பது தெரிந்தவன் லிங்கேஸ்வரன் மட்டும்.

ரீயூனியன் என்பது மொரீசியசுக்குப் பக்கத்துத் தீவு. இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருக்கிறது. கரும்பு வெட்ட இங்கேயிருந்து கப்பலில் ஆள் கொண்டுபோன காலத்திலிருந்து யார் பிறந்தான், யாரைக் கட்டினான், எப்போது செத்தான் என்று அங்கே சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. இங்கே லிங்கேஸ்வரனுக்குத் தன் தாத்தா செத்த வருசமே தெரியாது. ரெனே அந்தப் பதிவுகளைப் பிடித்து அப்பா, தாத்தா, பூட்டன் என்று படிப்படியாக ஏறிக் கப்பலில் வந்து இறங்கிய ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். "ராக்கப்பன், பாண்டி மகன், புதுப்பட்டி, திருநெல்வேலி ஜில்லா." அதற்கு மேல் தீவில் காகிதம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தக் காலத்தில் திருநெல்வேலி ஜில்லாதான். புதுப்பட்டி இல்லாத தாலுகா இந்தப் பக்கத்தில் உண்டா? மனுசர் வருசா வருசம் விமானம் ஏறி வந்து ஒவ்வொரு புதுப்பட்டியாக இறங்கினார். போன ஊரிலெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பத்திரமாக பஸ் ஏற்றி விட்டார்கள். எங்க ஆள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியில் யாரோ கைகாட்டி லிங்கேஸ்வரன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். எழுபது வயசு, தாட்டியான உடம்பு, கழுத்தில் சிலுவையும் கையில் காசிக்கயிறும். போனில் பிரெஞ்சில் பேசினார். அது பெண்குரலில், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி தமிழ் பேசியது. "நான் இறப்பதற்குள் ஒரே ஒருவராவது என்னைப் பார்த்து, நீ எங்களைச் சேர்ந்தவன் என்று சொல்ல வேண்டும்." பேசிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்.

கடையில் சாதிச் சான்றிதழுக்கு வந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. லிங்கேஸ்வரன் குடும்பத்துக்குப் பூர்வீகம் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தர் பாண்டி. கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒருத்தர் கதையும் அப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கதை எந்த வீட்டில் இல்லை? "உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது கடல் கடந்து சென்றார்களா?" என்று போன் கேட்டது. லிங்கேஸ்வரன் தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான் செய்தான். பாதி இரக்கம், மீதி வெளிநாட்டுச் சொந்தம் கிடைக்கிறதே என்ற சபலம். ஒரு பாண்டிக்கும் இன்னொரு பாண்டிக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, கம்ப்யூட்டரில் வம்சப் படம் எடுத்துக் கொடுத்தான். ரெனே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் போட்டோவோடு போயிருக்கும். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனான் பாருங்கள், அங்கேதான் வம்பு. கல்யாணமான ஆண் ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு வரி. யார் வரி கருப்பசாமி முன்னால் தட்டில் விழுகிறதோ அவன் பங்காளி, விழாதவன் விருந்தாளி. கோயில் சாவி வைத்திருக்கிற தவசிமுத்துப் பெரியப்பா வம்சப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெனே தலைக்கட்டு ஒண்ணு" என்று சத்தமாகக் கூவினார். வரி விழுந்தது. இலையில் பங்கு கட்டிக் கொடுத்தார்கள். ரெனே வெறும் மேலோடு, திருநீறு வேர்வையில் வழிய, அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பை லிங்கேஸ்வரனால் மறக்க முடிந்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. "தம்பி, சாப்டியா? மழையா?" அவர் பழகிய தமிழ் அம்புட்டுத்தான். அனுசியாவை "மகளே" என்பார். கூடப்பிறந்த அண்ணன் இல்லாத லிங்கேஸ்வரன் முதல் வருசம் அந்தப் போனுக்குப் பயந்தான், அடுத்த வருசம் அதற்காகக் காத்திருந்தான். ஒரு ஞாயிறு வராவிட்டால் அவனே கூப்பிட்டான்.

போன ஞாயிறு வரவில்லை. கல்யாண வேலையில் அவனும் கூப்பிடவில்லை.

இப்போது அனுசியா. இரண்டு வருசம் முன்னால் சாத்தூரில் பேசி நிச்சயமும் ஆன இடம், மாப்பிள்ளையின் அப்பா திடீரென்று சாக, கலைந்துபோனது. மாரடைப்பில் போனவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஊருக்குப் பதில் தெரியாது. ஆனாலும் பேசியது. அப்புறம் எத்தனையோ ஜாதகம் வாசலோடு திரும்பின. இப்போதுதான் ராஜபாளையத்தில் வேல்பாண்டி, மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதையெல்லாம் பார்க்காமல் மகன் கௌதம்ராஜுக்குக் கேட்டு வந்தார். பையன் கத்தாரில் வேலை பார்க்கிறான், கல்யாணம் முடிந்து சில நாளில் விமானம் ஏற வேண்டும். இன்னொரு சாவு குறுக்கே விழுந்தால் அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று லிங்கேஸ்வரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாவை மறைத்துக் கல்யாணம் நடத்துவது இந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. ஆவுடையம்மாள் பேத்தி கல்யாணத்தன்று ஆவுடையம்மாளே வன்னியம்பட்டி வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். தாலி ஏறி, பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பிய பிறகுதான் சங்கு ஊதினார்கள். கேட்டவனுக்குத்தான் தீட்டு, கேளாதவனுக்கு இல்லை. ஆகவே லிங்கேஸ்வரன் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தீட்டு இல்லை, ஏனென்றால் ரெனே அவனுக்கு யாருமில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் அவன் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் அது ஒட்டவில்லை. யாருமில்லை என்று இவன் சொல்லிவிட்டால் அந்த மனுசனுக்கு உலகத்தில் வேறு யார்?

வேறு யாராவது சொன்னால் தேவலை என்று தோன்றியது. பைக்கை எடுத்துக்கொண்டு மத்தியானமே வ. புதுப்பட்டிக்குப் போனான்.

தவசிமுத்துப் பெரியப்பா தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தார். "கல்யாண வீட்டுக்காரன் இங்க என்னலே பண்ணுதே?" என்றார்.

"பெரியப்பா, ரெனே அண்ணன் நம்ம பங்காளி இல்ல. நாந்தான் மனசு கேக்காம தலையாட்டிட்டேன்."

"இப்ப எதுக்கு இதச் சொல்லுதே?"

"அவரு தவறிட்டாரு."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு கேட்டார்: "கால் ஊனுறதுக்கு முன்னாடி கேட்டியா, பொறவு கேட்டியா?"

"முன்னாடி."

"பொறவுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதாலே, கூறுகெட்ட பயலே! எம்புட்டோ பொய் சொன்ன வாய்தான?"

"அதான் பெரியப்பா, அவரு பங்காளியே இல்லங்கேன். தீட்டு எங்கருந்து வரும்? இல்லைன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"இல்லைங்கதுக்கு உங்கிட்ட என்ன காயிதம் இருக்கு?"

பெரியப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அந்தாளு காயிதத்துல ராக்கப்பன், பாண்டி மகன், புதுப்பட்டின்னு இருந்துச்சு. நம்ம வம்சத்துல பாண்டி இருக்காரு. ஒருத்தர் கப்பலேறிப் போனதும் நெசம். ஆமான்னதும் நீ குத்துமதிப்பாச் சொன்னது, இல்லைங்கதும் நீ குத்துமதிப்பாச் சொல்லுதது. நடுவுல சாமி முன்னால வரி விழுந்துருச்சு. கருப்பன் கையில விழுந்த வரிய எவம்லே திருப்பி எடுப்பான்? இவன் என் ஆளு இல்லன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

பெரியப்பா குரலைத் தணித்தார். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒன்னோட போயிருக்கும். வந்து என் காதுலயும் போட்டுட்ட. நான் மூட்டு வலின்னு படுத்துக்கிடுதேன், கல்யாணத்துக்கு வரல. நீ என்ன செய்வே? தீட்டோட புள்ளய தாரை வாத்துக் குடுப்பியா?"

"மாட்டேன்" என்றான் லிங்கேஸ்வரன். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது.

வழி அதிலேயே இருந்தது, அதைவிட மோசமான வழி கிடையாது. கேட்டவன் ஒதுங்கிக்கொண்டால் கேளாதவர்கள் கல்யாணத்தை நடத்தலாம். அவன் பெண்டாட்டியிடம் சொன்னால் அவளுக்குத் தீட்டு, மகளிடம் சொன்னால் மகளுக்கு. ஒருத்தரிடமும் காரணம் சொல்லாமல் தன் ஒரே பெண்ணின் கல்யாணத்தில் இல்லாமல் போக வேண்டும்.

மறுநாள் சில்வியை அழைக்க மதுரைக்குப் போனவன், அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டான். காய்ச்சலில் மயங்கி விழுந்துவிட்டதாகவும், டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டதாகவும், ரத்தத்தில் பிளேட்லெட் குறைகிறதாகவும், ரெனே அண்ணன் வர வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டதாகவும் சொன்னான். கடைக்கு வருகிற மெடிக்கல் சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் செய்த அறிவு இதற்கு உதவியது. செல்வலட்சுமி போனிலேயே அலறினாள். "நான் இப்பமே வாரேன்."

"நீ வந்தா கல்யாணம் நிக்கும்டி. ரெண்டாவது தடவையும் நிக்கட்டுங்கியா? பாண்டி நின்னு தாரை வாக்கட்டும். பெரியப்பாகிட்டக் கேளு, அவரு ஆள அனுப்பி என்னையப் பாத்தாச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்த "ரெண்டாவது தடவை" அவளை அடக்கிவிட்டது. அந்தச் சொல்லுக்கு அவள் எவ்வளவு பயப்படுவாள் என்று தெரிந்துதான் சொன்னான். அதற்காக அவன் தன்னையே மன்னிக்கவில்லை.

சில்விக்கு நாற்பது வயசிருக்கும், அப்பாவின் தாட்டியான சாயல். சாம்பல் கலசத்தைத் துணிப்பையில் வைத்து மடியை விட்டு இறக்காமல் காரில் வந்தாள். கல்யாணத்துக்கு வருகிற அண்ணனுக்கும் மகளுக்கும் என்று ராஜபாளையத்தில் மண்டபத்துக்கு நேர் எதிரே லாட்ஜில் ரூம் போட்டு வைத்திருந்தான். வேறு லாட்ஜ் இல்லாமல் இல்லை. மேளச் சத்தமாவது காதில் விழட்டுமே என்ற ஆசை. புதன்கிழமை விடியுமுன் தாடைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக ஏறியவன் வியாழக்கிழமைவரை வெளியே தலை காட்டவில்லை. ஜன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு ஒதுக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான். கீழே வேல்பாண்டி வாழைமரம் கட்டுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார். செல்வலட்சுமி வேனிலிருந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

சில்வியிடம் போனை வைத்து எல்லாம் சொன்னான். கல்யாணம் முடிகிறவரை அவளும் வெளியே வரக் கூடாது, சாவு நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது, தானும் மண்டபத்துக்குள் போக முடியாது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும்.

"என் தந்தைக்காகவா உங்கள் மகளின் திருமணத்திற்கு நீங்கள் செல்லவில்லை?" என்று போன் அந்த டீச்சர் குரலில் கேட்டது.

அப்போது சொல்லியிருக்கலாம். உன் அப்பாவுக்கும் எனக்கும் இருக்கிற சொந்தம் ஒரு தலையாட்டல்தான் அம்மா என்று சொல்லியிருந்தால், அவள் கலசத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், அவன் தெருவைத் தாண்டிப் போயிருக்கலாம். மடியில் இருந்த துணிப்பையைப் பார்த்தான். பிறகு, கடையில் ஆட்டிய அதே தலையை அதே மாதிரி ஆட்டினான்.

சில்வி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். அண்ணனுக்காக அழுதான், அது பொய் இல்லை. மகளுக்காகவும் அழுதான். அந்தக் கண்ணீரில் எது எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எந்த சர்க்காராலும் முடியாது.

வியாழக்கிழமை காலையில் கெட்டிமேளம் கொட்டியபோது அவன் ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். சில்வி என்ன என்று பார்வையால் கேட்டாள். கழுத்தைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினான். கலசத்தை அவள் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

செத்த நேரம் கழித்து போன் வந்தது. அனுசியா.

"அப்பா, தாலி கட்டியாச்சுப்பா." குரல் கம்மியிருந்தது. "மாமாதான் தாரை வாத்தாவ. காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுருச்சும்மா. நல்லா இரு தாயி. சந்தோசமா இரு." படுத்த படுக்கையில் கிடக்கிறவன் குரலில் பேசினான். அந்தக் குரலுக்கு அவன் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அனுசியா போனை வைக்கவில்லை.

"அப்பா, அங்க மேளச் சத்தம் கேக்குதே."

"ஒங்க மேளந்தாம்மா போன்ல வருது."

"இல்லப்பா. நான் சேல மாத்த ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டுப் பேசுறேன். எம்பக்கம் சத்தமே இல்ல. ஒங்க பக்கம்தான் கேக்குது. நம்ம மேளந்தான் கேக்குது."

லிங்கேஸ்வரன் ஜன்னலைப் பார்த்தான். தாலி ஏறிவிட்டது, இனி அவளைத் தீட்டு தொடாது. சொல்லலாம். ஆனால் என்னவென்று சொல்வது? ரெனே பெரியப்பா செத்துட்டாரும்மா என்றால், தீட்டை மறைத்துத் தாலி கட்ட வைத்தார்கள் என்று புகுந்த வீட்டில் முதல் நாளே அவள் தலையில் விடியும். அவர் நமக்கு யாருமில்லைம்மா என்றால், அப்புறம் ஏன்ப்பா நீங்க வரல என்று கேட்பாள். இரண்டில் எதைச் சொன்னாலும் அழப்போகிறவள் அவள்தான்.

"அப்பா, எதுக்க இருக்க லாட்ஜுலயா இருக்கீய?"

அவன் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினான். சத்தம் குறையவில்லை.

"ஒங்களுக்கு என் கல்யாணம் புடிக்கலையாப்பா?" என்றாள் அனுசியா.